மான் கறி கேட்டு எனக்கு போன் பண்ணாதீங்க

போன ஞாயித்துக்கிழமை காலையில் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருக்கும்போது ஒரு போன். நான் எழுதுவதை ரொம்ப நாளாகப் படிக்கிறவராம். எங்க திருமுல்லைவாயில்லயே, ஸ்டேஷன் பக்கத்தில் புதுசாக வந்திருக்கிற அடுக்குமாடியில்தான் வீடாம். நல்லாத்தான் பேசினார். மழை, நெல்லு விலை, என் முழங்கால் வலி எல்லாம் விசாரித்துவிட்டு கடைசியில் விஷயத்துக்கு வந்தார்.

"அண்ணே, பையனுக்குக் காது குத்து வச்சிருக்கோம். மாமனார் வேலூர்லேர்ந்து வர்றாரு. உங்க கழனி ஊத்துக்கோட்டைப் பக்கம்தானே? மான் கறி ஒரு ரெண்டு கிலோ சொல்லி வாங்கித் தர முடியுமா? காசு பிரச்சினை இல்ல."

காசு பிரச்சினை இல்லையாம். பிரச்சினையே அதுதான்.

இது முதல் போன் கிடையாது. இந்த வருஷத்தில் இதோடு நாலு. ஒருத்தர் டாக்டர். ஒருத்தர் தெரிஞ்ச வக்கீலுக்காகக் கேட்டார். கிராமத்தைப் பற்றி எழுதுகிறவன் என்றால் நாட்டுக்கோழி முட்டை, செக்கு எண்ணெய், கருப்பட்டி, அப்புறம் மான் கறி என்று ஒரே சீட்டில் எழுதி நீட்டலாம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி வாய் வலிக்கிறது. எல்லாருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன்.

புதுசாகப் படிக்க வந்தவர்களுக்கு ஒரு விவரம். நான் பிறந்து வளர்ந்தது திருமுல்லைவாயில். ஏரித் தண்ணியில் அப்பா சொர்ணவாரியும் நவரையும் போட்ட கழனியெல்லாம் இப்போ மனையாகி, மனையெல்லாம் மாடியாகிவிட்டது. வித்த காசில் ஊத்துக்கோட்டைக்குப் பக்கத்தில், காப்புக்காட்டு ஓரமாக மூணு ஏக்கர் வாங்கினோம். வாரத்தில் நாலு நாள் தாமரைப்பாக்கம் கூட்டுரோடு, பெரியபாளையம் வழியாக பைக்கில் போய் வருகிறேன். பாதி டவுன்காரன், பாதி கழனிக்காரன். ரெண்டு பக்கத்துப் பேச்சும் என் காதில் விழும்.

நான் மானுக்கு வக்கீல் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மான் எங்களுக்கு நஷ்டம். வேர்க்கடலை மொளைத்து நாலு இலை விட்டதும் ராத்திரியில் கூட்டமாக இறங்கும். காலையில் போய்ப் பார்த்தால் மேல் கொழுந்து மட்டும் கத்தரித்த மாதிரி இருக்கும். காட்டுப்பன்றி கிளறிவிட்டுப் போன இடம் போர்க்களம் மாதிரி தெரியும், மான் மேய்ந்த இடம் உடனே தெரியாது. காய் பிடிக்கிற நேரத்தில்தான் செடி ஏமாற்றியது புரியும். நஷ்டஈடு கேட்டு ஒரு ஆபீஸில் மனு கொடுத்தேன். போட்டோ கேட்டார்கள், கொடுத்தேன். அடங்கல் கேட்டார்கள், கொடுத்தேன். மான்தான் மேய்ந்தது என்பதற்கு என்ன ஆதாரம் என்றார்கள். மான்கிட்ட கையெழுத்தா வாங்க முடியும்?

அதனால் மானைப் பார்த்ததும் "அய்யோ எவ்ளோ அழகு" என்று செல்போனைத் தூக்குகிற ஆளாக என்னை நினைக்க வேண்டாம். ராத்திரி ரெண்டு மணிக்கு டார்ச் லைட்டும் தகர டப்பாவுமாக அதுகளை விரட்டி ஓடியிருக்கிறேன். வாயில் வராத வார்த்தையெல்லாம் வந்திருக்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நான் யோக்கியன் மாதிரி ஆகிவிடும். சின்ன வயசில் நானும் சாப்பிட்டிருக்கிறேன். அப்பாவின் கூட்டாளி ஒருத்தர் தூக்குச்சட்டியில் கொண்டுவந்தார். 1972-ல் சட்டம் வந்து சில வருஷம் ஆகியிருந்தது. அப்பாவுக்குத் தெரியுமோ தெரியாதோ, அம்மாவுக்குத் தெரியாது. ருசி ஞாபகம் இல்லை. கதவைச் சாத்திவிட்டுச் சாப்பிட்டது மட்டும் ஞாபகம் இருக்கிறது. அப்படியென்றால் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

இப்போ போன மாசி மாசத்துக்கு வருகிறேன். கடலைக்குத் தண்ணி பாய்ச்ச விடியக்காலம் போனேன். காட்டை ஒட்டின வரப்பில் செடி அசைந்தது. நாய் என்று நினைத்துக் கல்லை எடுத்தேன். நாய் இல்லை, பெட்டை மான். பைக் கிளட்ச் கம்பியில் போட்ட சுருக்கு. ஒரு பக்கம் வேலிக் கல்லில் கட்டி, மறுபக்கம் அது வழக்கமாக நுழைகிற சந்தில் வட்டமாக விரித்து வைத்திருந்தான் எவனோ. கழுத்தில் மாட்டியிருந்தால் சீக்கிரம் போயிருக்கும். பின்னங்காலில் மாட்டியிருந்தது. இழுக்க இழுக்க இறுகுகிற முடிச்சு. ராத்திரி பூரா இழுத்திருக்கிறது. எலும்பு வெளியே தெரிந்தது. அது கத்தவில்லை. கண்ணை அகல விரித்து, வாய் ஓரம் நுரையோடு என்னையே பார்த்தது. என்னைப் பார்த்து பயந்து இன்னும் இழுத்தது. அதனால் நான் பின்னால் நகர்ந்து வரப்பில் உட்கார்ந்து வனத்துறைக்கு போன் பண்ணினேன்.

வனவரும் ரெண்டு பேரும் வந்தார்கள். கால்நடை மருத்துவர் வந்தார். கம்பியை வெட்டி எடுத்து, சாக்கில் படுக்க வைத்து, ஊசி போட்டார்கள். பத்து மணிக்குள் செத்துவிட்டது. காயத்தைவிட பயத்தில்தான் மான் சாகும் என்று மருத்துவர் சொன்னார். அறுத்துப் பார்த்தபோது வயிற்றில் குட்டி. புள்ளிமானுக்கு இந்த மாசம்தான் குட்டி போடும் என்ற கணக்கு நம்ம ஊரில் கிடையாது. வருஷம் முழுக்க எப்போ வேண்டுமானாலும் சினையாக இருக்கும். "சீசன் பாத்து அடிச்சா தப்பில்ல" என்று பேசுகிறவர்கள் இதைக் கொஞ்சம் கேட்டுக்கொள்ளட்டும்.

எங்க ஊர் மாசிலாமணீஸ்வரர் கோயில் கதை இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். தொண்டைமான் போருக்குப் போகும்போது யானைக் கால் முல்லைக்கொடியில் சிக்கிக்கொள்கிறது. வாளை எடுத்துக் கொடியை வெட்டுகிறான். ரத்தம் வருகிறது. கொடிக்குள் லிங்கம். அடுத்த நிமிஷம் அதே வாளைத் தன் கழுத்துக்கு வைக்கிறான். சின்ன வயசில் அதை பக்திக் கதையாகத்தான் கேட்டேன். அன்றைக்கு வரப்பில் உட்கார்ந்திருந்தபோது வேறு மாதிரி தோன்றியது. அவன் செய்த தப்பு, கொடிக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் வெட்டினது. சுருக்கு அதைத்தான் செய்கிறது. சினை மானா, கிடாவா, பக்கத்து வீட்டுக் கன்னுக்குட்டியா, என் நாயா, அதற்குத் தெரியாது. போட்டவன் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பான்.

போட்டவன் யார் என்று எனக்குத் தெரியும். இந்த இடத்தை எழுதலாமா வேண்டாமா என்று ரெண்டு நாள் யோசித்தேன்.

முடிச்சைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. எங்க கழனிக்குக் கடலை பிடுங்க வருகிற ஒரு அம்மாவின் மகன். மெக்கானிக் கடையில் வேலை. சாயங்காலம் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். மறைக்கவில்லை. "ஆமா மாமா. நான் திங்கறதுக்கு இல்ல. கார்ல வர்றாங்க. போன வாரம் ஒரு பார்ட்டி அட்வான்ஸே குடுத்துட்டுப் போனாங்க. மெட்ராஸ்லேர்ந்து." ஒரு மானுக்கு அவன் வாங்குவது அவனுடைய அரை மாசச் சம்பளம். கார்க்காரர்கள் கிலோ கணக்கில் பிரித்துக்கொள்வார்கள். அவன் வீட்டுக்கு மிஞ்சுவது குடலும் தலையும்.

அட்வான்ஸ் கொடுத்தவர்கள் யார் என்று கேட்டேன். பேர் தெரியாதாம். "நல்ல படிச்சவங்க மாமா. இங்கிலீஷ்ல பேசிக்கினாங்க."

இப்போ எனக்கு போன் பண்ணினவரிடம் கேட்கிறேன். இந்த மானை வேட்டையாடினது யார்? அந்தப் பையனா? அவன் கை மட்டும்தான். கம்பிக்கு வட்டம் போட வைத்தது நீங்க கொடுக்கிற காசு.

சட்டமும் உங்களை விடவில்லை, தெரிந்துகொள்ளுங்க. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்றால் சுட்டுக் கொல்வது மட்டும் இல்லை. சுருக்கு வைப்பது, பொறி வைப்பது, விரட்டுவது, தீனி போட்டு இழுப்பது, இதற்கெல்லாம் முயற்சி செய்வது, எல்லாமே வேட்டைதான். மான் சிக்காவிட்டாலும் குற்றம் குற்றம்தான். வேட்டையாடின மிருகமும் அதன் கறியும் அரசாங்கச் சொத்து. அதை அனுமதி இல்லாமல் கையில் வைத்திருப்பதும், விலைக்கு வாங்குவதும், ஓசியில் வாங்குவதும் குற்றம். கொண்டுபோன வண்டியும் அதோடு போகும். புள்ளிமானுக்கு மூணு வருஷம் வரை ஜெயில், ஒரு லட்சம் வரை அபராதம், இல்லாவிட்டால் ரெண்டும். கிண்டியிலும் கோடியக்கரையிலும் வல்லநாட்டிலும் இருக்கிற வெளிமான் முதல் பட்டியலில் இருக்கிறது. அதற்குக் குறைஞ்சதே மூணு வருஷம், அதிகம் ஏழு. காது குத்துக்கு வந்த மாமனார் தட்டிலிருக்கிற துண்டும் இந்தச் சட்டத்துக்குள்தான் வரும்.

"சட்டமெல்லாம் ஏழைக்குத்தாண்ணே" என்று ஒருத்தர் சிரித்துக்கொண்டே சொன்னார். அது எனக்குத் தெரியாதா?

1998 அக்டோபர். ஜோத்பூர் பக்கத்தில் காங்கணி கிராமம். சினிமா ஷூட்டிங்குக்கு வந்த சல்மான்கான் ராத்திரி ரெண்டு வெளிமானைச் சுட்டார் என்று வழக்கு. ஜீப்பைத் துரத்தினதும், சாட்சி சொன்னதும், விடாமல் நின்றதும் அந்த ஊர் பிஷ்னோய் ஜனங்கள். 1730-ல் கேஜ்ரலியில் வன்னி மரத்தை வெட்ட வந்த ராஜா ஆட்களைத் தடுத்து 363 பேர் உயிரைக் கொடுத்த கூட்டம் அது. இருபது வருஷம் இழுத்து 2018 ஏப்ரலில் அஞ்சு வருஷம் தண்டனை என்று தீர்ப்பு வந்தது. ரெண்டு ராத்திரி ஜெயில். மூணாவது நாள் ஜாமீன். கூட இருந்த நடிகர் நடிகைகளுக்கு விடுதலை.

2023 பிப்ரவரி. நம்ம மேட்டூருக்கு மேலே கோவிந்தப்பாடி. பாலாறு காவிரியில் சேருகிற எல்லைப் பகுதியில் பரிசலில் போனவர்கள் மேல் ராத்திரியில் கர்நாடக வனத்துறை துப்பாக்கியால் சுட்டது. மான் வேட்டைக்கு வந்தார்கள் என்றது அந்தத் துறை. மீன் பிடிக்கப் போனவர்கள் என்றது ஊர். சில நாள் கழித்து ஒருத்தர் உடம்பு ஆற்றில் மிதந்தது. எல்லையில் போக்குவரத்தையே நிறுத்த வேண்டியதாகிவிட்டது. எது உண்மையாக இருந்தாலும் சரி, வேட்டைக்கே போயிருந்தாலும் சரி, அதற்குச் சட்டத்தில் எழுதியிருப்பது ஜெயில். தோட்டா இல்லை.

ஒருத்தருக்கு ரெண்டு ராத்திரி. இன்னொருத்தருக்கு ஆற்றில் மிதக்கிற உடம்பு. இதைப் பார்த்துவிட்டு சட்டம் எல்லாருக்கும் சமம் என்று நான் சொன்னால் என் மாடே சிரிக்கும். ஆனால் அதையே காரணமாக வைத்து "அப்போ நாமளும் திங்கலாம்" என்கிறீர்கள் பாருங்க, அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. சட்டம் ஏழையைத்தான் பிடிக்கும் என்று தெரிந்தே ஒரு ஏழையை அனுப்புகிறீர்கள். மாட்டினால் அவன் மாட்டுவான் என்ற கணக்கு உங்க அட்வான்ஸிலேயே இருக்கிறது.

அடுத்து அமெரிக்கா கதை. "என் தம்பி டெக்சாஸ்ல இருக்கான், வருஷா வருஷம் மான் சுடுறான், போட்டோ போடுறான், அங்க யாரும் குத்தம் சொல்றதில்ல." உண்மைதான். அங்கே மான் வேட்டை சட்டப்படியானது. லைசென்ஸ் எடுக்க வேண்டும். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று இருக்கிறது. எத்தனை அடிக்கலாம் என்று கணக்கு இருக்கிறது. கணக்கைத் தாண்டினால் தண்டனை. உங்க தம்பியிடம் இன்னொன்றும் கேட்டுப் பாருங்க. சுட்ட மானின் கறியைக் கடையில் விற்கச் சொல்லுங்க. முடியாது. சாப்பிடலாம், பகிர்ந்து கொடுக்கலாம், காட்டில் சுட்டதைக் காசுக்கு விற்கக் கூடாது. ஏன்? ஒரு காலத்தில் விற்க விட்டுப் பார்த்தார்கள். ரயிலில் ஏற்றி நகரத்து ஓட்டல்களுக்கு அனுப்பினார்கள். வானத்தை மறைக்கிற அளவுக்குப் பறந்த ஒரு புறா இனத்தின் கடைசிப் பறவை 1914-ல் சின்சினாட்டி மிருகக்காட்சிசாலைக் கூண்டில் செத்தது. மானும் அதே வழியில்தான் போய்க்கொண்டிருந்தது. துப்பாக்கியைவிட விலைச்சீட்டுதான் ஆபத்து என்று பட்டபிறகு புரிந்துகொண்டார்கள். அந்த நாட்டிலிருந்து எடுத்துக்கொள்ள இவ்வளவு இருக்க, நம்ம ஆள் துப்பாக்கி போட்டோவை மட்டும் எடுத்துக்கொள்கிறான்.

"அப்போ பாரம்பரியம்? கண்ணப்ப நாயனாரே வேடன்தானே?" வேடன்தான். அவர் கறி கொண்டுபோனது காளத்திநாதருக்கு, காரில் வந்தவனுக்கு இல்லை. சாமி பாரிவேட்டைக்குப் போகிறதே என்றும் ஒருத்தர் கேட்டார். போகிறது, ஊர் சுற்றிவிட்டுக் கோயிலுக்குத் திரும்பி வருகிறது. கிலோ என்ன விலை என்று கேட்பதில்லை.

பாரம்பரியம் பேசுகிறவர்கள் எங்க மாவட்டத்து இருளர்களைப் பற்றிப் பேசுவதில்லை. காட்டைத் தெரிந்தவர்கள் என்றால் அவர்கள்தான். பாம்புத்தோல் வியாபாரம் சட்டப்படி நின்றபோது ஒரே அடியில் பிழைப்பு போனது அவர்களுக்கு. நீதிக்கும் சட்டத்துக்கும் சண்டை என்றால் அதுதான். 1978-ல் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வந்தது. பாம்பைப் பிடித்து, விஷம் எடுத்து, திரும்பக் காட்டில் விட்டார்கள். பாம்புக்கடிக்கு ஆஸ்பத்திரியில் போடுகிற மருந்துக்கு அந்த விஷம் போகிறது. 2023-ல் அந்தச் சமூகத்தில் ரெண்டு பேருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். வயிற்றுப் பிழைப்பே போனவர்கள் சட்டத்துக்குள் வழி தேடிக்கொண்டார்கள். ஞாயித்துக்கிழமை நாக்குக்கு ருசி தேடுகிறவர் "பாரம்பரியம்" என்கிறார்.

விவசாயிகளிடமும் ரெண்டு வார்த்தை. நம்ம ஆட்கள் யோக்கியம் என்று நான் எழுதினால் அது பொய். வேலியில் திருட்டுக் கரண்ட் கொடுப்பதும், பன்றிக்கு அவுட்டுக்காய் வைப்பதும் நாம்தான். 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கம் அப்படி ஒரு வேலியில் மூணு யானை செத்தது. ரெண்டு குட்டி தாய்களை விட்டுப் போகாமல் அங்கேயே நின்றது. அந்த விவசாயிக்கும் பயிர் நஷ்டம்தான், யானையைக் கொல்ல வேண்டும் என்று வேண்டுதலா இருந்திருக்கும்? ஆனால் கரண்ட் கம்பியும் கிளட்ச் கம்பி மாதிரிதான், ஆள் பார்க்காது. நிற்கிற பயிரை அழிக்கிற மிருகத்துக்கு, தலைமை வன உயிரினக் காப்பாளர் எழுத்துப்பூர்வமாக உத்தரவு போட சட்டத்தில் இடம் இருக்கிறது. காட்டுப்பன்றிக்கு 2025 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரு வழி வந்திருக்கிறது. காப்புக்காட்டிலிருந்து மூணு கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் வனத்துறையே சுடலாம். எங்க கழனி காட்டு ஓரம், எனக்கு அது பிரயோஜனம் இல்லை. சண்டை போட வேண்டியது அங்கே, மனு கொடுத்து, கூட்டத்தில் எழுந்து நின்று. நானும் போடுகிறேன். மூணாவது மனு போன வாரம் கொடுத்தேன். இந்தத் தடவை மான் குளம்பு பதிந்த மண்ணையே டப்பாவில் எடுத்துப் போனேன், வேடிக்கை பார்த்தார்கள்.

அந்தப் பையன் விஷயம் பாக்கி இருக்கிறது.

வனவர் அன்றைக்கே கேட்டார், யார் மேலாவது சந்தேகம் இருக்கா என்று. அப்போ எனக்குச் சந்தேகம்தான், தெரியாது. "இல்லீங்க" என்றேன். சாயங்காலம் தெரிந்தபிறகும் போய்ச் சொல்லவில்லை. அவன் அம்மா ரெண்டு மாசக் கூலி என்னிடம் முன்பணமாக வாங்கியிருந்தாள், தங்கச்சி கல்யாணத்துக்கு. அவன் உள்ளே போனால் அந்த வீடு என்னாகும் என்று எனக்குத் தெரியும். கார்க்காரன் வீட்டுக்கு ஒன்றும் ஆகாது என்பதும் தெரியும். அதனால் சொல்லவில்லை. இவ்வளவு நேரம் சட்டம் பேசினவன் தன் காரியத்தில் சட்டத்தைக் கடைப்பிடிக்கவில்லை. நீங்க அதைச் சொல்லிக்காட்டினால் என்னிடம் பதில் இல்லை.

செய்தது ஒன்றுதான். மறுநாள் அவனைக் கூட்டிக்கொண்டு காட்டோரம் முழுக்க நடந்தேன். ஏழு சுருக்கு எடுத்தோம். அதில் ரெண்டு அவன் போட்டது இல்லையாம். எல்லாவற்றையும் சாக்கில் போட்டு வனக்காப்பாளரிடம் கொடுத்தேன், கிடந்தது என்று சொல்லி. அவர் சாக்கைப் பார்த்தார், பின்னால் நின்ற பையனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. இப்போ அவன் கடையை ஒழுங்காகத்தான் பார்க்கிறான். அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னேன். கொடுத்துவிட்டேன் என்றான். நம்புகிறேன். ராத்திரியில் மட்டும் காட்டோரம் ஒரு தடவை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறேன்.

போன் பண்ணினவரே, உங்க பேரையும் நான் யாரிடமும் சொல்லவில்லை, நம்பர் என் போனில் இருக்கிறது. அடுத்த தடவை மான் கறி என்று கேட்டு யார் கூப்பிட்டாலும் அந்த நம்பரை அப்படியே ரேஞ்சர் ஆபீஸுக்குக் கொடுப்பேன். அந்தப் பையனுக்குக் கிடைத்த சலுகை உங்களுக்குக் கிடையாது. உங்களுக்கு முன்பணம் வாங்கின அம்மா இல்லை, கல்யாணத்துக்கு நிற்கிற தங்கச்சியும் இல்லை. நீங்களே சொன்னீங்க, காசு பிரச்சினை இல்லை என்று.

காது குத்துக்கு வெள்ளாட்டுக் கிடா வேண்டுமென்றால் சொல்லுங்க. தாமரைப்பாக்கத்தில் நல்ல ஆளைத் தெரியும், நானே கூட வந்து பார்த்து வாங்கித் தருகிறேன். கடலை இந்தத் தடவை பாதிதான் தேறும், கேட்டு வைத்தவர்கள் மன்னிக்கணும். மேல் வரப்புப் பக்கம் மறுபடியும் மேய்ந்துவிட்டுப் போயிருக்கிறது.